பழைய ஆலை நிலத்தில் பசுமைக் குடியிருப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆலையை இடித்து, தரையைச் சமமாக்கிவிட்டார்கள் சார். இன்னும் மண் சோதனை எதற்கு?

மேல்தரையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே என்ன தயாரித்தார்கள், எந்த மூலையில் எதைக் கொட்டினார்கள் என்று பழைய வரைபடங்களையும் அங்கே வேலை பார்த்தவர்களையும் வைத்துத் தெரிந்துகொண்டு, அப்புறம் அந்தந்த இடத்தில் தோண்டுங்கள். முலாம் பூசிய பட்டறை என்றால் குரோமியம், பெயிண்ட் என்றால் ஈயம், எந்திரப் பிசுக்கு கழுவிய இடம் என்றால் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற, எளிதில் ஆவியாகும் கரைப்பான். நான் பார்த்த ஒரு மனையில் ஓர் அடிவரை நல்ல மண். அதற்குக் கீழே மண்வெட்டி இறங்கியதும் விரலில் ஒட்டுகிற கறுப்புக் களி, குப்பென்று டீசல் நெடி.

கேள்வி: இரண்டடி புது மண் பரப்பினால் போதாதா?

ஈயம் மாதிரி உலோகம் என்றால், யாரும் தோண்டாத இடத்தில் அது உதவும். ஆவியாகும் கரைப்பானுக்கு உதவாது. தரை விரிசல் வழியாக அது வீட்டுக்குள்ளேயே வரும்; அடித்தளத்துக்குக் கீழே தடுப்பு விரிப்பும் ஆவியை வெளியேற்றும் குழாயும் வேண்டும். அமெரிக்காவில் நயாகரா பக்கம் லவ் கெனால் என்ற இடத்தில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவை மண்ணால் மூடி, அங்கே பள்ளிக்கூடமும் வீடுகளும் கட்டினார்கள். 1978-ல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

கேள்வி: மரம் நட்டால் நஞ்சை உறிஞ்சிவிடுமாமே?

வேர் போகிற ஆழம் வரைதான், அதுவும் பல வருடம் ஆகும்.

கேள்வி: மழைநீர் முழுவதையும் நிலத்துக்குள் இறக்கப் போகிறோம். நல்லதுதானே?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கெட்டுப்போன மண் வழியாக நீரை இறக்கினால், மேலே கிடக்கும் நஞ்சை நீங்களே நிலத்தடி நீருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். மண் சுத்தம் என்று சோதனை சொல்லும் வரை தொட்டியில் பிடியுங்கள்.

கேள்வி: ஆலைக் கட்டடம் உறுதியாக இருந்தால் இடிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களே, புதுசு கட்டினால்தானே மின்சாரம் மிச்சம்?

இதில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 8 சதவீதம் அளவு சிமென்டால் வருவது. உறுதியான தூணையும் உத்தரத்தையும் உடைத்துவிட்டு அதையே மறுபடி வார்க்கிறோம். மின்சாரத்தில் மிச்சம் பிடித்து அந்தக் கரியமில வாயுவை ஈடுகட்டப் பல வருடம் போகும். சுவரில் வெப்பத்தடுப்பு போட்டு, ஜன்னலை மாற்றினால் பழைய கட்டடமும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

அதே நண்பர்: கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால்?

கூரையைக் கழற்றுங்கள், தூணும் உத்தரமும் சேர்ந்த சட்டகத்தை அப்படியே விடுங்கள். தகட்டை நனைத்து, உடைக்காமல், பயிற்சி பெற்றவர்கள் இறக்க வேண்டும். தூண் துருப்பிடித்து உப்பியிருந்தால் மட்டும் இடிப்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்றடி மண் போட்டால்?

மேலே எழுதியிருக்கிறேன். அடி கூடினாலும் ஆவி நிற்காது.

கேள்வி: பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால்?

வழக்கறிஞரைக் கேளுங்கள், என் துறை இல்லை.

கேள்வி: குழந்தைகளோடு காய்கறித் தோட்டம் போடலாமா?

போடலாம். உயரமான பாத்தி கட்டி, அடியில் விரிப்பு போட்டு, சோதித்த மண்ணை நிரப்புங்கள். குழந்தைகள் உள்ளே வரும்போது கை கழுவட்டும், செருப்பு வாசலிலேயே இருக்கட்டும்.