கவுன்சிலர் முகம் திருப்பினால் கடை போய்விடுமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் தள்ளுவண்டியில் மாம்பழம் விற்கிறேன். இடம் பிடித்துத் தந்தவர் எங்கள் கவுன்சிலர்தான். சாக்கடை அடைப்பு பற்றி நான் கலெக்டரிடம் மனு கொடுத்ததிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் மாநகராட்சி ஆட்கள் வந்து வண்டி, தராசு, இரண்டு கூடை மல்கோவா எல்லாவற்றையும் ஏற்றிச் சென்றுவிட்டார்கள். துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. என்னிடம் விற்பனைச் சான்றிதழ் இருக்கிறது. அவர் காலில் விழுவதைத் தவிர வழி உண்டா?

பதில்: யார் காலிலும் விழ வேண்டாம், அம்மா. சாலையோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்குச் சான்றிதழ் தந்தது நகர விற்பனைக் குழு. மாநகராட்சி ஆணையர் அதன் தலைவர். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள். கவுன்சிலர் தயவால் வந்த இடமல்ல அது. அவர் கோபத்தால் போகவும் போகாது.

முதலில் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். காலாவதியாகவில்லையே? அதில் எழுதியுள்ள இடத்தில்தான் வண்டி நின்றதா? இதைக் கண்டிப்பாகக் கேட்கக் காரணம் உண்டு. தெருவில் விற்பது அடிப்படை உரிமை, ஆனால் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் விற்பேன் என்பது அதில் சேராது என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடத்துக்கு உங்கள் பிடிமானம் அந்தச் சான்றிதழ்தான்.

இரண்டும் சரியாக இருந்தால், 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் உங்களை அப்புறப்படுத்தியது அந்த 2014 சட்டத்தின் 18-ஆம் பிரிவுக்கு விரோதம். பொருளை எடுத்தால் பட்டியல் எழுதி, கையெழுத்திட்ட நகலை உங்கள் கையில் தர வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள். பழம் இந்நேரம் வீணாகியிருக்கும். ஏழைப் பெண்ணின் முதல் அது, வயிறு எரிகிறது. அதன் விலையையும் மனுவில் குறிப்பிட்டு இழப்பீடு கேளுங்கள்.

மனுவை ஆணையருக்கு எழுதுங்கள். கவுன்சிலரின் கோபத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். அதை நிரூபிக்கச் சாட்சி தேட வேண்டியிருக்கும். நோட்டீஸும் பட்டியலும் தந்தோம் என்று காட்ட வேண்டிய பொறுப்போ மாநகராட்சியுடையது. உங்கள் வாதம் அந்த இரண்டை மட்டுமே பற்றி இருக்கட்டும்.

பதில் வராவிட்டால், அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சான்றிதழின் நகலோடு போய்க் கேளுங்கள். அதற்கு முன், ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வந்துவிடாதீர்கள்.