பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஓசூர் வேலையா, ஐ.டி.ஐ. படிப்பா?

பாலக்கோடு பக்கம் கூலி வேலை செய்யும் குடும்பத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனை உடனே ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு அனுப்புவதா, ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்க வைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்பவனின் கையில் ஐந்து ஆண்டுகள் கழித்தும் காட்டுவதற்கென்று ஒரு சான்றிதழ் இராது. ஃபிட்டர் பிரிவில் தேறியவனோ தொழில்பழகுநர் பயிற்சிக்கும் அதன்பின் நிரந்தரப் பணிக்கும் விண்ணப்பிக்க முடியும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவராயின், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

ஆனால் படிப்பு மட்டும் வீட்டை நிமிர்த்திவிடாது. எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த நாற்பது பக்க நோட்டில், 50,000 ரூபாய்க் கடனுக்கு மூன்று வட்டி (நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்) என்று மாதாமாதம் 1,500 எழுதிக்கொண்டே வந்தார் அப்பா. ஆண்டுக்கு 18,000 ரூபாய் போயும் அசல் அசையவில்லை. (அதை உட்கார்ந்து கூட்டிப் பார்க்க எங்களில் எவருக்கும் நெடுநாள் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.) உங்களுக்கும் அத்தகைய கடன் இருந்தால், மகன் வேலைக்குப் போய் பைக் தவணை கட்டத் தொடங்கும்வரை காத்திராமல், இருக்கும் நகையை வங்கியில் அடகு வைத்தாவது அதை இப்போதே அடைத்துவிடுங்கள், வங்கி நகைக்கடனின் வட்டி இதில் பாதிகூட வராது.