மூக்கு சொல்லாதது

வணக்கம் ஐயா,

நான் உணவு அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் முதலாண்டு மாணவன். சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. "விஷம் கலக்கப் பட்டம் வாங்குகிறாயா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முதலில் சிரித்தேன். இப்போது எனக்கே சந்தேகம். பாடம் முழுக்க ரசாயனம்தான்: கெடாமல் வைக்க ஒரு ரசாயனம், நிறத்துக்கு ஒரு ரசாயனம், மணத்துக்கு ஒரு ரசாயனம். ரசாயனம் இல்லாமல்தானே மனிதன் இத்தனை ஆயிரம் ஆண்டு சாப்பிட்டான்? கெட்டதா நல்லதா என்று பாட்டியின் மூக்கே சொல்லிவிடும். அதற்கு ஓர் ஆய்வகமும் ஒரு பட்டமும் எதற்கு? 'உணவு அமைப்பு' என்று ஒரு பாடம் வேறு இருக்கிறது, அது எனக்குப் பிடிபடவே இல்லை. கடைசியில் இது பெரிய நிறுவனங்களுக்கு ஊழியம் செய்யும் படிப்புதானா? வேறு துறைக்கு மாற இந்த மாதம் 20ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. மாறிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

பாட்டியின் மூக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். இரண்டு மாதமாக எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை. ஒரு காய்ச்சல் வந்து போனது, போகும்போது மணத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றில் வரும் உமாமி என்று ஐந்துதான். மற்றதையெல்லாம் மூக்குதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது என்பதைப் புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். படித்தது வேறு, கடந்த இரண்டு மாதம் வேறு. பானங்கள் எனக்கு இரண்டே வகையாகிவிட்டன: சூடான இனிப்புத் தண்ணீர், சூடான கசப்புத் தண்ணீர்.

ருசி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயம்தான் புதிது. குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்தால், இது நேற்று வைத்ததா மூன்று நாளுக்கு முன் வைத்ததா என்று முகர்ந்து சொல்ல முடியவில்லை. வாழ்நாளெல்லாம் மூக்கை நம்பியவன், பொட்டலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட தேதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தேன். அந்த நிலையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஒன்றைத் திட்டிவிடுகிறேன். இந்தக் குட்டிக் கடிதத்தில் 'ரசாயனம்' ஐந்து முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். "ரசாயனம் இல்லாமல் சாப்பிட்டான்" என்கிறீர்கள். தம்பி, தண்ணீர் ரசாயனம். உப்பு ரசாயனம். ரொட்டி மேல்தோல் பொன்னிறமாவது அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நடத்தும் வினை. மயார் என்ற பிரெஞ்சுக்காரர் அதை 1912இல் விவரித்தார், அதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பிருந்தே அடுப்புகளில் அது நடந்துகொண்டிருந்தது. உறைக்குப் பின்னால் ஈ300 என்று போட்டிருந்தால் உங்கள் நண்பர்கள் அலறுவார்கள். அது வைட்டமின் சி. இதை முதலாண்டு மாணவருக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம். எவ்வளவு, எதற்கு, யார் சோதித்தது என்று கேளுங்கள். ரசாயனமா என்று கேட்காதீர்கள்.

சரி, மூக்குக்கு வருவோம்.

எனக்கு 22 வயதில் ஒரு பால் பதப்படுத்தும் நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. பெரும்பாலும் இரவு ஷிப்ட். வந்து இறங்கும் பச்சைப் பாலில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைச் சிறிது விட்டு, குழாயை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைப்போம். பாலில் பாக்டீரியா எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் நீலம் வெளுக்கும். அரை மணியில் வெளுத்தால் மோசமான பால். ஐந்து மணி தாண்டியும் நீலம் நின்றால் அந்தப் பாலைக் கறந்தவர் கையைக் கும்பிடலாம். தூக்கம் வரும் நேரத்தில் ஒவ்வொரு குழாயாக வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு விசித்திரமான அமைதி. அந்த வேலையை நான் நேசித்தேன் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது சபித்துக்கொண்டேதான் செய்தேன்.

இன்னொரு சோதனை பாஸ்பேட்டேஸ். பச்சைப் பாலில் இயல்பாகவே அந்த நொதி உண்டு. காசநோய்க் கிருமியைக் கொல்லத் தேவையான சூட்டைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில்தான் அது அழியும். அதனால் 72 டிகிரியில் 15 விநாடி வைத்த பாலில் நொதி இல்லையென்றால் கிருமியும் இல்லை என்று நம்பலாம். கிருமியைத் தேடாமல், கிருமிக்குப் பின்னால் சாகிற ஒன்றைத் தேடுகிறார்கள். இதை யோசித்தவரின் புத்தியை நினைத்து எனக்கு இன்றும் பொறாமை. வினைப்பொருளைச் சேர்த்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவே இருந்தால் பால் சரி. மஞ்சளானால் சூடு போதவில்லை, இல்லையென்றால் எங்கோ பச்சைப் பால் கலந்திருக்கிறது.

ஒரு இரவு மஞ்சளானது.

மறுபடி செய்தேன். மறுபடி மஞ்சள். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவர் வந்து தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து முகர்ந்தார், குடித்தார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். நானும் குடித்துப் பார்த்தேன். அருமையான பால். பச்சை வாடை இல்லை, புளிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. இரண்டு மூக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்லின. குழாய் மட்டும் மஞ்சளாக நின்றது.

காரணம் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. சூடேறிய பாலும் குளிர்ந்த பச்சைப் பாலும் மெல்லிய எஃகுத் தகட்டுக்கு இரு பக்கமும் ஓடும். போகிற பாலின் சூட்டை வருகிற பால் வாங்கிக்கொள்ளும், எரிபொருள் மிச்சம். தகட்டில் ஓட்டை விழுந்தாலும் பச்சைப் பால் இந்தப் பக்கம் வராமல் இருக்க, சூடுபடுத்திய பக்கத்தின் அழுத்தத்தை எப்போதும் கூடுதலாக வைக்க வேண்டும். எங்கள் தகடு ஒன்றில் ஊசிமுனை அளவு துளை. அழுத்தத்தையும் யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பால்? வண்டிகள் அதிகாலையே போய்விட்டன. சோதனைக்கு 2 மணி நேரம் ஆகும், வண்டி அவ்வளவு நேரம் நிற்காது. பதிவேட்டில் 'மறுசோதனை' என்று எழுதச் சொன்னார் மேற்பார்வையாளர். 'மஞ்சள்' என்று எழுதினேன், நேரத்தோடு. அதற்குப் பிறகு ஆறு மாதம் அங்கே இருந்தேன், அந்த ஆறு மாதமும் இனிமையாக இல்லை. அந்தப் பாலைக் குடித்து யாருக்காவது ஏதாவது ஆனதா? அது எங்கள் காதுக்கு வரவே வராது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நாலு நாளுக்கு முன் குடித்த பாலை யார் சந்தேகப்படுவார்கள்?

இப்போது உங்கள் பாட்டியின் மூக்கைப் பற்றிச் சொல்கிறேன். அதை நான் மதிக்கிறேன், இரண்டு மாதமாக அதற்காக ஏங்குகிறேன். ஆனால் கெட்டுப்போன உணவும் ஆபத்தான உணவும் ஒன்றல்ல. நாற்றமும் பிசுபிசுப்பும் புளிப்பும் உண்டாக்கும் கூட்டம் வேறு, ஆளைப் படுக்க வைக்கும் கூட்டம் வேறு. முதல் கூட்டம் கிராமுக்குக் கோடிக் கணக்கில் பெருகினால்தான் மூக்குக்குச் சேதி வரும். இரண்டாவதில் சில ஈ.கோலை வகைகள் நூறு அளவில் உள்ளே போனாலே போதும். லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் சத்தமில்லாமல் வளரும். ஸ்டஃபிலோகாக்கஸை மறுபடி கொதிக்க வைத்துக் கொல்லலாம், அது ஏற்கெனவே விட்டுப்போன நச்சு அந்தக் கொதியில் போகாது. எதற்கும் வாசனை கிடையாது.

இந்த வித்தியாசம் பொட்டலத்திலேயே இருக்கிறது, நான்தான் இவ்வளவு நாள் கவனிக்கவில்லை. தேதியில் இரண்டு வகை உண்டு. 'இதற்கு முன் உண்டால் நன்று' என்பது தரத்தைப் பற்றியது. பிஸ்கட் நமுத்திருக்கலாம், எண்ணெய் லேசாகக் காறலாம். அங்கே தேதி தாண்டினாலும் மூக்கையும் நாக்கையும் நம்பலாம். 'இதற்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது, எளிதில் கெடும் பொருள்களுக்குப் போடுவது. அங்கே மூக்குக்கு வேலை இல்லை. ஜனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் வகையைத் தேதி பார்த்துக் குப்பையில் கொட்டுகிறார்கள், இரண்டாம் வகையை முகர்ந்து பார்த்து "ஒன்றும் ஆகவில்லை" என்று தின்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், அதுவும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன்!

உணவு அமைப்பு பிடிபடவில்லை என்றீர்கள். அந்தக் குப்பைத் தொட்டியிலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். 2022இல் மட்டும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது, அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில். தொட்டிக்கு முன்னால் குளிர்பெட்டி, அதற்கு முன்னால் கடை, லாரி, ஆலை, கிடங்கு, வயல், உரம், தண்ணீர், கடன், கூலி. ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் அசையும். பாடப்புத்தகம் இதை அம்புக்குறி போட்ட படமாகக் காட்டித் தூங்க வைத்துவிடும். மற்றதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

நிறுவனங்களுக்கு ஊழியம் என்கிறீர்கள். பலர் செய்கிறார்கள், மறைக்கப் போவதில்லை. திரவ எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும் வழியை வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை செய்தார். அதில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று உலகம் முழுதாக ஏற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டு ஆனது. அதீதமாகப் பதப்படுத்திய உணவைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. 2019இல் கெவின் ஹால் குழு அமெரிக்காவில் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்க வைத்துப் பார்த்தது. சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவில் இருக்கும்படி அதீதப் பதன உணவு, அதிகம் பதப்படுத்தாத உணவு என்று இரண்டு வகைச் சாப்பாடு, ஒவ்வொன்றும் இரண்டு வாரம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். அதீதப் பதன உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். இதையும் கண்டுபிடித்தது எடைத்தராசும் அளவுக் கோப்பையும் வைத்திருந்த ஆட்கள்தான், உங்கள் நண்பர்கள் இல்லை.

ஹார்வி வைலி என்று ஒரு ரசாயன அறிஞர் இருந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பால் புளிக்காமல் இருக்க ஃபார்மலின் ஊற்றுவார்கள். புளிக்காது, நாறாது, மூக்கு "நல்ல பால்" என்றே சொல்லும். மூக்கையே ஏமாற்றும் வியாபாரம். வைலி 1902இல் 12 இளைஞர்களைச் சேர்த்து, அவர்கள் சம்மதத்தோடு, அன்று கடையில் விற்ற பதப்படுத்திகளை உணவில் கொடுத்து உடம்புக்கு என்ன ஆகிறது என்று அளந்தார். போராக்ஸில் ஆரம்பித்தார், பின்னால் ஃபார்மலினும் வந்தது. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது. 1906இல் அந்த நாட்டில் உணவுக் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வர அவர் ஒரு முக்கியக் காரணம். நீங்கள் பயப்படும் ரசாயனத்தைப் பிடித்துக் கொடுத்தவர் ஒரு ரசாயனக்காரர்.

அந்த இரவு ஆய்வகத்தில் மேற்பார்வையாளர் நிறுவனத்தின் பக்கம். வண்டிக்காரர் நேரத்தின் பக்கம். நான் பயத்தின் பக்கம், வேலை போய்விடுமோ என்று. நிறுவனத்துக்கு எதிராக அங்கே பேசியது ஒரு குழாய் மஞ்சள் நீர் மட்டும்தான். அதை மஞ்சள் என்று எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. நல்லவர்கள் எல்லாம் வேறு துறைக்குப் போய்விட்டால் பதிவேட்டில் 'மறுசோதனை' என்று எழுதுகிறவர்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். உங்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நீங்கள் கெட்டிக்காரர் என்று கடிதத்திலேயே தெரிகிறது, சந்தேகப்படத் தெரிந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்தை நண்பர்களிடம் சொல்லிப் புலம்புவதற்குச் செலவழிக்கிறீர்கள்.

போன வாரம் அடுத்த அறையில் யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டார்கள். ஒரு கணம், மிக லேசாக, அந்தக் கருகல் எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் அந்தக் கரிந்த துண்டை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டில் சிரித்தார்கள்.

பதிலை முடிக்கலாம் என்று உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். துறை மாற 20ஆம் தேதி வரை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று 26. மன்னித்துக்கொள்ளுங்கள், உண்மையிலேயே கவனிக்கவில்லை. ஒருவேளை நீங்கள் ஏற்கெனவே மாறியிருந்தால் இதைக் கிழித்துப் போடுங்கள். மாறவில்லை என்றால், மெத்திலீன் ப்ளூ செய்கிற நாளில் உங்கள் குழாய் எத்தனை மணிக்கு வெளுத்தது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்.