வேளாங்கண்ணி நடைப்பயணிகளுக்குச் சேவை செய்யும்போது ஜெபம் சொல்ல வைக்கலாமா?

கூடாது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குத் தஞ்சாவூர், நாகை சாலைகளில் காவி உடுத்தி நடப்போரில் இந்துக்களும் உண்டு. பைபிளில் யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவினார். காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசையும் விலக்கவில்லை. நிபந்தனை வைத்தால் அது பேரம். கேட்டால் ஜெபியுங்கள், கேட்காதவரிடம் மதம் விசாரிக்காதீர்கள்.

கவனம் காலில் இருக்கட்டும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடையுங்கள், இல்லையேல் சேற்றுப்புண் வரும். சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் காலில் சூடு உறைக்காது. ஊற்றுமுன் உங்கள் முழங்கையில் சூடு பாருங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், சீழ் பிடிக்கும். வயிற்றுப்போக்கால் களைத்தவருக்கு 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குவிக்காமல் தலைதட்டி அளவுங்கள்; உப்பு கூடினால் ஆபத்து.