ஜிம்முக்குப் போகிறேன் என்றவனுக்கா ஆர்வம் இல்லை?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறான். உயரம் 165 செ.மீ., எடை 74 கிலோ. காலையில் சாப்பிடாமல் ஓடுகிறான். பள்ளி விட்டு வந்து டியூஷனுக்குப் போகும் வழியில் பேக்கரியில் பப்ஸும் கூல்டிரிங்க்ஸும். ராத்திரி பரோட்டா இருந்தால்தான் முகம் மலர்கிறது. அவன் அப்பா ஐந்து மணிக்கு எழுப்பித் தெப்பக்குளத்துக்கு நடக்கக் கூட்டிப் போனார், மூன்று நாளோடு சரி. 'உன் தாத்தாவுக்குச் சர்க்கரையில் காலை எடுத்தார்களே' என்று சொன்னாலும் காதில் ஏறவில்லை. சித்தி மகன் ஒல்லியாக எப்படி இருக்கிறான் பார் என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறான். இப்போது திடீரென்று நண்பர்களோடு ஜிம்முக்குப் போகிறேன் என்கிறான். வளர்ச்சி நின்றுவிடும் என்று அவன் அப்பா மறுத்துவிட்டார். கழுத்தில் வேறு கருப்பாக அழுக்குப் படிந்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. ஆர்வமே இல்லாத பிள்ளையை எப்படித் திருத்துவது? தைராய்டு ஏதும் இருக்குமா?
– ஒரு தாய், அனுப்பானடி, மதுரை.

பதில்: கழுத்திலிருந்து தொடங்குகிறேன், அம்மா. அது அழுக்கு இல்லை. பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள், தோல்தான் புண்ணாகும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கருப்பதை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்போம். எடை கூடிய பிள்ளைகளிடம் இது தெரிந்தால், உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை, அதனால் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் தாத்தாவுக்கும் இருந்ததால் பார்த்துவிடுவது நல்லது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, கொழுப்பு, கல்லீரல் நொதிகள், இவற்றோடு ரத்த அழுத்தம். வெளியே செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள்.

தைராய்டா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வரும் அம்மாக்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். அப்படி ஏதாவது இருந்துவிட்டால் ஒரு மாத்திரையோடு முடிந்துவிடுமே என்ற ஆசை எனக்கும் புரிகிறது. தைராய்டு குறைவினால் எடை ஏறும் பிள்ளைக்கு வழக்கமாக உயரமும் தேங்கிவிடும். உங்கள் மகனின் உயரம் வயதுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. டாக்டர் பரிசோதித்துவிட்டுத் தேவை என்றால் அதையும் எழுதித் தரட்டும்.

எடையைப் பொறுத்தவரை ஒளிக்க ஒன்றும் இல்லை. உயரத்தோடு கணக்கிட்டால் பிஎம்ஐ 27 வருகிறது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கான வளர்ச்சி வரைபடத்தில் இந்த வயதுக்கு இது பருமன் கோட்டுக்கு மேலே. அதற்காகப் பட்டினி போடாதீர்கள். ஓரளவு ஓடியாடும் 13 முதல் 15 வயது ஆண்பிள்ளைக்கு நாளைக்கு 2,860 கலோரி தேவை என்கிறது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதே அளவு உழைக்கும் அவன் அப்பாவுக்கே 2,710தான். ஆக, உங்கள் மகனின் பசி நிஜப் பசி. இன்னும் உயரவும் இடம் இருக்கிறது. அடுத்த சில மாதங்களுக்கு எடை ஏறாமல் நின்றாலே எனக்குத் திருப்தி.

இப்போது ஆர்வத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆர்வமே இல்லை என்று எழுதிய அதே கடிதத்தில், ஜிம்முக்குப் போகிறேன் என்று அவனாகவே கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போட்ட வழியில் அவன் வரவில்லை, அவன் சொன்ன வழியில் நீங்கள் விடவில்லை. இவ்வளவுதான் நடந்திருக்கிறது.

நடைப்பயிற்சியைப் பாருங்கள். தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும், நல்ல இடம், நானும் நடந்திருக்கிறேன். ஆனால் அந்நேரத்தில் அங்கே நடப்பவர்கள் யார்? என்னைப் போல முட்டிவலிக்காரர்களும் பென்ஷன்காரர்களும். நடுவில் அப்பாவின் பக்கத்தில் பதினைந்து வயதுப் பையன். யாராவது வகுப்புத்தோழன் பார்த்துவிடுவானோ என்ற கவலை வேறு. இந்த வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போகிறது. எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டியவன், பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் பகலெல்லாம் பசிதான் கூடும். மூன்று நாள் வந்ததே பெரிது.

தாத்தாவின் காலைச் சொல்லி மிரட்டுவதும் வேண்டாம். ஐம்பது வயதில் வரப்போகும் நோய் அவனுக்கு யாருக்கோ நடக்கப்போகும் கதை. கபடியில் ஒரு ரெய்டு போய் மூச்சு வாங்காமல் திரும்புவது, சட்டை தோளில் எடுப்பாக நிற்பது, இவையே அவனுக்கு நிஜம். அற்பமான காரணம் என்று நமக்குத் தோன்றலாம். எந்தக் காரணத்துக்காகத் தூக்கினாலும் தசை ஒன்றுதான். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கழுத்துக் கருமைக்கு நான் எழுதித் தர நினைத்த மருந்தைத்தான் அவன் தானாகக் கேட்டிருக்கிறான்!

எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது பழைய பயம். சரியான முறையில், மாஸ்டர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்தால், இந்த வயதில் எடைப்பயிற்சி பாதுகாப்பானதே. அவன் அப்பா ஒருநாள் கூடப் போய் அந்த ஜிம்மைப் பார்த்துவிட்டு வரட்டும். யார் அதிகம் தூக்குவது என்ற போட்டி கூடாது. குறைந்த எடையில் பல தடவை செய்து பழக வேண்டும். பவுடர், மாத்திரை, ஊசி என்று எதை விற்றாலும் வேண்டாம். இதில் மட்டும் நான் கறார். வாரம் மூன்று நாள் ஜிம், மற்ற நாட்களில் சைக்கிளோ கபடியோ. 17 வயது வரைக்கும் தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்ளும் பள்ளிகளில் அந்த 60 நிமிடத்தைப் பிள்ளை எங்கே போய்த் தேடும்? டியூஷனுக்கு வண்டியில் கொண்டுவிடுகிறீர்கள் என்றால், அதைச் சைக்கிளாக்கலாம்.

சாப்பாட்டில் ஒரே ஒரு நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பள்ளி முடிவதற்கும் டியூஷன் தொடங்குவதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம். காலையில் சாப்பிடாதவன் நாலரை மணிக்கு என்ன பசியில் இருப்பான்! அந்தப் பசியோடு பேக்கரி வாசலைக் கடக்க எனக்கே முடியாது. சாயங்காலம் கிளினிக் திறப்பதற்கு முன் டீயோடு வடை தின்னும் டாக்டர்தான் இதை எழுதுகிறேன். அவன் வீட்டுக்குள் நுழையும்போது சுண்டல், அவித்த கடலை, இரண்டு முட்டை, தைப் பக்கம் என்றால் பனங்கிழங்கு, எதுவோ ஒன்று தட்டில் தயாராக இருக்கட்டும். சாப்பிடு என்று சொல்லக்கூட வேண்டாம்.

பரோட்டாவைத் தடை செய்தால் மதுரையில் யாரும் மதிக்க மாட்டார்கள். வாரம் ஒரு ராத்திரி, எல்லோரும் சேர்ந்து போய், சால்னாவோடு நிம்மதியாகச் சாப்பிடுங்கள். எந்த நாள், எந்தக் கடை என்பதை அவன் முடிவு செய்யட்டும். மற்ற நாட்களில் வீட்டில் இருப்பதுதான், அப்பாவுக்கும் அதேதான்.

கூல்டிரிங்க்ஸை மட்டும் வேறு விதமாகப் பேசிப் பார்க்கலாம். 300 மி.லி. கோலாவில் ஏறக்குறைய எட்டு தேக்கரண்டிச் சர்க்கரை. அதை ஒரு டம்ளர் தண்ணீரில் அவனையே போடச் சொல்லுங்கள். டெக்ஸாஸில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு சோதனை செய்து 2016இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு, உணவு கம்பெனிகள் விளம்பரத்தாலும் தயாரிக்கும் விதத்தாலும் சிறுவர்களை எப்படி வளைக்கின்றன என்று மட்டும் சொன்னார்கள். வழக்கமான ஆரோக்கியப் பாடம் கேட்ட பிள்ளைகளைவிட இவர்கள் நொறுக்குத்தீனியும் சர்க்கரைத் தண்ணீரும் குறைவாக எடுத்தார்கள். 'என்னை ஏமாற்றுகிறானா' என்ற ரோஷம் இந்த வயதில் நன்றாக வேலை செய்யும், நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக, சித்தி மகன். அவன் பெயரை வீட்டில் எடுக்காதீர்கள், 'குண்டு' என்ற செல்லப்பெயர் இருந்தால் அதையும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் மினசோட்டாவில் வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், பெற்றோர் எடையைப் பற்றிப் பேசிய வீடுகளில் பட்டினி கிடப்பது போன்ற தவறான வழிகளில் பிள்ளைகள் அதிகம் இறங்கியிருந்தார்கள். சத்தான சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவு. உங்கள் மகன் சாப்பாட்டை ஒளித்துத் தின்றாலோ, தின்றுவிட்டு வாந்தி எடுத்தாலோ, நண்பர்களையும் விட்டு ஒதுங்கினாலோ காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். அடிக்கடி தாகம், ராத்திரியில் பலமுறை சிறுநீர் என்றாலும் அப்படித்தான். பலமாகக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். முதல் பத்து நிமிடம் அவன் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள்.