தேவசாயலுக்கு அளவுகோல் உண்டா?

கேள்வி: தேவசாயல் என்பது மனிதனுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட ஆத்துமாவும் பகுத்தறிவும்தான் என்று வேதபாட வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால், பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையிடம் அந்தச் சாயல் குறைவு என்று ஆகிறதே?

பதில்: ஆகாது. அந்த விளக்கத்தை முழுதாக ஏற்றால் நீங்கள் கேட்ட இடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் உட்படப் பெரியவர்கள் பலர் சாயலை மனித மனதில்தான் தேடினார்கள். ஆனால் தேவன் மனிதனைத் தம் சாயலாகப் படைத்ததைச் சொல்லும் ஆதியாகமம் 1:26-28 வசனங்களில் அறிவு என்றோ ஆத்துமா என்றோ ஒரு சொல்கூட இல்லை.

முதலில் ஆத்துமா. 'மனுஷன் ஜீவாத்துமாவானான்' என்று 2:7-ல் படிக்கிறோம். எபிரெயத்தில் அது 'நெஃபெஷ் ஹய்யா'. இதே இரண்டு சொற்கள் 1:20-ல் நீரில் நீந்துபவற்றுக்கும், 2:19-ல் ஆதாம் பெயரிட்ட மிருகங்களுக்கும் வருகின்றன. அங்கெல்லாம் நம் பழைய மொழிபெயர்ப்பு 'ஜீவஜந்து' என்று போட்டுவிட்டது. அதனால் தமிழில் மட்டும் படிப்பவருக்கு, மிருகத்திடம் இல்லாத ஏதோ ஒன்றை 2:7 மனிதனுக்குத் தருவதுபோலத் தோன்றுகிறது. மூலத்தில் அந்தச் சொல்லுக்கு 'உயிருள்ளது' என்றுதான் பொருள். அந்த அளவில் மனிதனும் மாடும் ஒன்றே. 'ஆதாம்' என்ற பெயரே 'அதாமா', அதாவது நிலம் என்ற சொல்லோடு ஒட்டியது.

சரி, 'சாயல்' என்றால் என்ன? எபிரெயச் சொல் 'செலெம்'. கண்ணுக்குத் தெரியும் உருவத்தைக் குறிக்கப் பழைய ஏற்பாடு அதிகம் பயன்படுத்தும் சொல். 1 சாமுவேல் 6-ல் பெலிஸ்தர் பொன்னால் செய்த சுண்டெலிச் சுரூபங்கள் 'செலெம்'. தானியேல் 3-ல் நேபுகாத்நேச்சார் நிறுத்திய 60 முழப் பொற்சிலைக்கும், எபிரெயத்துக்கு நெருங்கிய மொழியான அரமேயத்தில் அதே சொல்தான். 1979-ல் சிரியாவின் தெல் ஃபெக்கெரியேயில் கோசான் அரசன் ஒருவனின் கற்சிலை கிடைத்தது. அதன்மேல் செதுக்கியிருக்கும் அரமேய வாசகம், அந்த ஒரே சிலையை ஓரிடத்தில் 'செலெம்' என்றும், மற்றோரிடத்தில் 'தெமூத்' என்றும் சொல்கிறது. ஆதியாகமம் 1:26-ல் சாயல், ரூபம் என்று வரும் அதே ஜோடி! ஆகவே 'சாயல் வேறு, ரூபம் வேறு. பாவத்தால் ஒன்று போனது, மற்றது மிஞ்சியது' என்ற பழைய பிரிவினைக்கு இந்தச் சொற்களில் பிடிமானம் இல்லை.

அந்தக் கால எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் தெய்வத்தின் சாயல் என்று பெயர் பெற்றவன் பெரும்பாலும் அரசன். துத்தன்காமுன் என்ற எகிப்திய அரசனின் பெயருக்கே 'ஆமோன் தேவனின் உயிருள்ள சாயல்' என்று பொருள். பாபிலோனியரின் படைப்புக் கதையான எனூமா எலிஷில், சாதாரண மனிதன் தேவர்களின் பாரத்தைச் சுமக்கப் படைக்கப்பட்டவன். ஆதியாகமமோ அரசனின் பட்டத்தை எடுத்து, 'ஆணும் பெண்ணுமாக' எல்லார்மேலும் வைக்கிறது. என் கணிப்பில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. சாயல் என்பது மனிதனுக்குள் இருக்கும் ஒரு திறமை அல்ல, தேவன் அவனுக்குக் கொடுத்த ஸ்தானம். திறமையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்தானத்தைத் தராசில் வைக்க முடியாது.

'ஆளக்கடவர்கள்' என்பதைப் பிடித்துக்கொண்டு பூமியை எப்படியும் சுரண்டலாம் என்பவர்கள் 2:15-ஐயும் படிக்கட்டும். 'பண்படுத்தவும் காக்கவும்' என்பதற்கான எபிரெய வினைகள், எண்ணாகமம் 3:7-8-ல் லேவியர் ஆசரிப்புக் கூடாரத்தில், அதாவது தேவனை வழிபடும் கூடாரத்தில், செய்யும் பணிக்கும் வருகின்றன. ஆகவே அது சுரண்டல் அல்ல, ஊழியம். அதுபோலவே 2:18-ல் வரும் 'ஏற்ற துணை' என்பதை வைத்துப் பெண்ணைக் கீழே இறக்குவதும் செல்லாது. அங்கே வரும் 'ஏசெர்' என்ற சொல்தான் சங்கீதம் 121-ல் கர்த்தரிடமிருந்து வரும் 'ஒத்தாசை'.

பாவத்தில் சாயல் அழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஆதியாகமம் 9:6-ஐக் காட்டுங்கள். ஜலப்பிரளயத்துக்குப் பிறகும், மனித ரத்தத்தைச் சிந்தக்கூடாது என்பதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது தேவசாயலே. யாக்கோபு 3:9-ம் அதைத்தான் சொல்கிறது.

அடுத்த வகுப்பில் ஆதியாகமம் 5:1-3-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். தேவன் மனிதனைத் தம் சாயலாகப் படைத்தார் என்று தொடங்கி, ஆதாம் 'தன் சாயலாகத் தன் ரூபத்தின்படியே' சேத்தைப் பெற்றான் என்று அந்தப் பகுதி தொடர்கிறது. பிறந்த அன்று சேத்துக்குப் பேச்சும் இல்லை, பகுத்தறிவும் இல்லை. பிள்ளை என்பதால் சாயல் இருந்தது.