கேட்காமல் கேட்பது எப்படி?

கேள்வி: சபைக் கட்டடத்துக்காக மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்கச் சொல்கிறார் எங்கள் போதகர். கேள்வி கேட்காமல் செய்வதுதான் தேவனுக்கு முழுமையாகக் கீழ்ப்படிவது என்கிறார். அப்படித்தானா?
(தூத்துக்குடி மாவட்ட வாசகர்)

பதில்: நகை உங்கள் மனைவியுடையது. அவரைக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைச் செய்யுங்கள்.

'கேள்வி கேட்காமல்' என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது! வழி கேட்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், கடன் கேட்கிறோம். 'பையன் சொன்னால் கேட்பதே இல்லை' என்று அம்மா புலம்பினால், யாரும் அவனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. குறளில் 42ஆம் அதிகாரமே 'கேள்வி'தான். அங்கே அது செவிவழி வரும் அறிவு. எபிரேயத்திலும் இப்படித்தான். உபாகமம் 6:4இல் 'இஸ்ரவேலே, கேள்' என்று வரும் 'ஷமா' என்ற சொல்லுக்குக் காதில் வாங்குவது, அதன்படி நடப்பது இரண்டும் பொருள். கீழ்ப்படிதல் என்றால் வாயை மூடிக்கொண்டு குனிவது என்று போதிக்கிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பல வருடமாகச் சண்டை போடுகிறேன். இன்றைக்கும் விடுவதாக இல்லை.

மரியாளைப் பாருங்கள். தேவதூதனிடம் 'இது எப்படியாகும்?' என்று கேட்ட பிறகுதான், 'உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது' என்றார். முதிர்வயதில் மகன் பிறப்பான் என்று தேவதூதன் சொன்னபோது சகரியா கேள்வி கேட்டு ஊமையானாரே என்று உடனே கடிதம் வரும். சகரியா கேட்டது 'இதை நான் எதினால் அறிவேன்' என்று. நம்புவதற்கு அத்தாட்சி கேட்டார். மரியாள் நம்பிவிட்டு வழி கேட்டார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் அந்தப் பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கேட்டார். கேட்டுவிட்டுத்தான் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார்.

முழுமையான கீழ்ப்படிதல் வேண்டுமா? வேண்டும். அரைகுறையாகக் கீழ்ப்படிவது போதும் என்று நான் ஒருநாளும் எழுத மாட்டேன். ஆனால் யாருக்கு என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டரை விட்டால் ஆள் இல்லை. ஆஸ்திரியாவில் ராடெகுண்ட் என்ற சின்ன ஊரில் விவசாயி; அந்த ஊர்த் தேவாலயத்தில் கோயில்பிள்ளை. ஹிட்லரின் படையில் சேர்ந்து போரிடுவது பாவம் என்று அவருக்குப் பட்டது. மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் லின்ஸ் நகர ஆயரிடமே போய்க் கேட்டார். குடும்பஸ்தனான உனக்கு அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு இல்லை என்ற ரீதியில் ஆயர் புத்தி சொல்லி அனுப்பினார். யேகர்ஷ்டேட்டர் ஆயரை மதித்தார், தேவனுக்குக் கீழ்ப்படிந்தார். 1943 மார்ச்சில் படையில் ஆயுதம் ஏந்த மறுத்தார். ஆகஸ்ட் 9ஆம் தேதி அவர் தலை துண்டிக்கப்பட்டது. வயது 36. அவருடைய கத்தோலிக்கத் திருச்சபையே 2007இல் அவரை அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) என்று அறிவித்தது.

அவர் மனைவி ஃபிரான்சிஸ்காவும் முதலில் தடுத்துத்தான் பார்த்தார். கணவரின் உறுதியைக் கண்ட பிறகு, கூட நின்றார். பிள்ளைகளோடு தனியாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு, 'நீதான் அவனைக் கெடுத்தாய்' என்ற ஊர்ப்பேச்சையும் வருடக்கணக்கில் சுமந்தார். லின்ஸ் பேராலயத்தில் அந்த அறிவிப்பு வாசிக்கப்பட்டபோது அவரும் அங்கே இருந்தார். அப்போது அவருக்கு வயது 94.